கூறைக்கு நின்றவள்

எங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் என்ன வேலை என்று கேட்டால் வேலையின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "நான் சல்வாருக்கு நிக்கன்", "நான் சாரத்துக்கு நிக்கன்", "நான் பில்லுக்கு நிக்கன்" என்றுதான் சொல்லுவார்கள். மட்டக்களப்புப் பட்டினத்தில் எங்களைப் போன்ற புடவைக் கடைகளில் பதவிக் கடிதம் என்று ஒன்று கிடையாது. முதலாளி ஒரு காலையில் வந்து, "நாளையிலிருந்து நீ அங்க நில்லு" என்று கையைக் காட்டினால் அதுதான் பதவி உயர்வு. அதே கை வேறு பக்கம் காட்டினால் இறக்கம். இரண்டுக்கும் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை.

நான் முதலில் றோட்டுக்கு நின்றவன். போகிற வருகிற சனத்தை "வாங்க, உள்ளுக்கு வந்து சும்மா பாருங்க" என்று கூப்பிடுகிற வேலை. பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் அந்த வாசலில் நின்று பொறுக்கியதுதான். விலையைச் சொன்னதும் "தம்பி, நான் சாறிக்குத்தான் விலை கேட்டன், கடைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போன அம்மாவை இன்னும் நினைத்துச் சிரிப்பேன். ஒரு மாமா, தன் மனைவி சட்டை பார்க்கப் போய் வெகுநேரம் ஆனபிறகு, "இஞ்சயே எனக்கும் ஒரு வேல தாங்க, எப்பிடியும் நிக்கத்தானே போறன்" என்றார். இப்படியான வாய்கள் இருக்கும்வரை எனக்குக் கடை அலுக்காது. பிறகு பார்சல் கட்டினேன், சேட்டுக்கு நின்றேன், கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுப்பு மாற்றினேன், பில் போட்டேன். இப்போது கீழும் மேலும் எல்லாத் தட்டும் என் மேற்பார்வை. அதாவது எங்கும் நிற்பதில்லை, எல்லா இடமும் நடக்கிறேன்.

ஆனாலும் எங்கள் கடையில் பெரிய இடம் என்னுடையது இல்லை. கூறைக்கு நிற்பதுதான் பெரிய இடம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு எடுக்கும் கலியாணச் சேலை அது. வான் வண்டியில் இரண்டு வீட்டுச் சனமும் ஒன்றாக வந்து இறங்கும். நல்ல நேரம் பார்த்து வந்திருப்பார்கள். அந்த நேரம் முடிவதற்குள் ஒன்பது பேருடைய கண்ணுக்கும் ஒரே சேலை பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்க வைக்கிறவளுக்குத்தான் முதலாளியே எழும்பித் தேநீர் சொல்லுவார்.

அந்த இடத்தில் ஏழெட்டு வருடமாக ஒரு தங்கச்சி நின்றாள். கூடப் பிறந்தவள் இல்லை. அவள் என்னை அண்ணன் என்பாள், நான் தங்கச்சி என்பேன். வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவிலிருந்து பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வருகிறவள். முதலில் மடிப்புக்குத்தான் நின்றாள். ஆட்கள் கலைத்துப் போட்டதைத் திரும்ப மடித்து அடுக்குகிற வேலை. ஒரு கலியாண மாதத்தில் கூறைக்கு நின்ற பிள்ளை காய்ச்சலில் விழ, முதலாளி இவளை நிறுத்தினார். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இவள் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வருடம் அந்தப் பெண் கைக்குழந்தையோடு கடைக்கு வந்து, "இந்த அக்காட கையாலதான் என்ட கூற எடுத்த" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அதோடு பிடித்துக்கொண்டது. கைராசிக்காரி எங்கே, அவள் இன்றைக்கு வந்திருக்கிறாளா என்று போனில் கேட்டுவிட்டு வான் பிடிக்கத் தொடங்கினார்கள் சனம்.

அவள் கூறை காட்டுகிற விதமே வேறு. மெத்தையில் விரித்துப் போட்டதும் முந்தானையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பெண்ணைக் கண்ணாடிக்கு முன்னால் பக்கத்தில் நிறுத்துவாள். "இந்த நெறம் உனக்குச் சத்தம் போடும் புள்ள, வேணாம். இது மெதுவாக் கதைக்கும், இதப் பாரு" என்பாள். நிறம் கதைக்கும் என்று நான் அவளிடம்தான் கேட்டேன். எடுத்து முடிந்ததும் பைக்குள் போடமாட்டாள். ஒரு தட்டில் வெற்றிலையும் மஞ்சளும் வைத்து, அதன்மேல் சேலையை வைத்து, கிழக்கே பார்த்து நின்று, மாப்பிள்ளையின் தாயிடம் இரண்டு கையாலும் கொடுப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. கொஞ்ச நாளில் அது எங்கள் கடை வழக்கமாகி, எதிர்க் கடைக்காரரும் தட்டு வாங்கி வைத்தார்.

முதலாளி காத்தான்குடிக்காரர், முஸ்லிம். நல்ல மனிதர். போன வருடம் அவளைக் கூப்பிட்டு, "இனி நீ விக்கிறது மட்டும் காணாது புள்ள. இந்தியாவுக்கு என்னோட வா. கூறையெல்லாம் நீதான் பாத்து எடுக்கோணும்" என்றார். கூறைப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு, வருடத்தில் இரண்டு தரம் காஞ்சிபுரம் போய்க் கொள்முதல். எங்கள் தெருவில் எந்தப் பொம்பிளைக்கும் அப்படி ஒரு இடம் கிடைத்ததில்லை. முதலாளியின் மனைவியும் கூடப் போவதாகப் பேச்சு. அவள் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்து, "கள்ளி மாதிரி விழுந்திரிக்கன் அண்ணன்" என்று காட்டிச் சிரித்தாள்.

கடவுச்சீட்டு வந்து கொஞ்ச நாளில் அவளுடைய புருசன் செத்துப்போனார். மேசன் வேலை செய்தவர். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சீமெந்துப் பையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் போனோம். முதலாளியும் வந்து முற்றத்தில் நின்றார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. நேராக மேலே கூறைப் பகுதிக்குப் போகாமல் படிக்கட்டடியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் எங்கே நிறுத்துகிறேன் என்று பார்க்கிறாள் என்று விளங்கியது. "ஏன் நிக்காய், உன்ட இடத்துக்குப் போ" என்றேன். போனாள்.

அன்று வந்த குடும்பத்தில் ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் நான் இன்றும் யோசிக்கிறேன். சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையின் மாமி அவள் நெற்றியைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தார். இரண்டு பேரும் யன்னலோரம் போய் நின்று கதைத்தார்கள். "நல்ல வடிவான சாறியெல்லாம் இரிக்கி. சுத்திப் பாத்துட்டு வாறம்" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றால் வரமாட்டோம் என்று கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் மூன்று வான் சனம் சுற்றிப் பார்க்கப் போனது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கோபம் வந்தால் நல்லது என்று எதிர்பார்த்துப் போனேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை. "எங்கட ஆக்களுக்குள்ள இப்பிடி இல்ல தம்பி. ஆனா கூற எடுக்க வாறது உங்கட சனம். நான் என்னத்தச் செய்யிற, நீ சொல்லு" என்றார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் கலியாணப் பெண்களுக்கும் நாங்கள் சாறி விற்கிறோம். அந்தப் பக்கத்துக்கு அவளை நிறுத்தலாம், அவர்கள் பொட்டைப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. போய்ச் சொன்னேன்.

அவள் கையில் இருந்த சேலையை மடித்து முடித்தாள். "அதும் கலியாணந்தானே அண்ணன்" என்றாள். அன்று பின்னேரம் தானாகவே கீழ்த்தட்டுக்கு இறங்கி, பள்ளிக்கூட வெள்ளைத் துணி அளந்து வெட்டுகிற இடத்தில் நின்றுகொண்டாள். முதலாளி கையைக் காட்டவில்லை. நானும் காட்டவில்லை.

ஆவணி மாதம் மண்டூரிலிருந்து ஒரு அம்மா இரண்டு வீட்டுச் சனத்தோடும் வந்தார். மூன்று மகன்மார். மூத்தவனுக்கும் நடுவிலானுக்கும் கூறை எங்கள் கடையில், அவள் கையால். இப்போது கடைக்குட்டிக்கு. மேலே ஏறியதும் "எங்க அவ?" என்றார். கீழே நிற்கிறாள், அவளுக்கு இப்படி ஒரு துக்கம் நடந்துவிட்டது என்று இழுத்தேன்.

"அந்தக் கத தெரியும் தம்பி. என்ட ரெண்டு மருமகளும் நல்லாரிக்காளுகள். எனக்கு அவட கையாலதான் வேணும். போய்க் கூட்டிட்டு வா."

நான் எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு வீட்டுச் சனம் போதும், அந்த அம்மா ஊருக்குப் போய் வாயைத் திறந்தால் மற்றச் சனமும் வரும், அவள் மேலே வந்துவிடுவாள், காஞ்சிபுரமும் போவாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் யோசித்துவிட்டேன். துணி வெட்டிக்கொண்டு நின்றவளிடம் விசயத்தைச் சொன்னபோது கத்தரிக்கோலை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

மேலே வந்ததும் பழைய ஆள்தான். கலியாணப் பெண்ணின் கன்னத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். பெண்ணின் அக்கா கத்தரிப்பூ நிறம் ஒன்றைக் காட்ட, "அது மாப்பிள்ளைய முந்திட்டு நடக்கும், வேணாம்கா" என்றாள். ஒன்பது பேரும் சிரித்தார்கள். நாலாவதாக விரித்த செம்மஞ்சள் சேலையில் எல்லோருடைய கண்ணும் நின்றது. முந்தானையை எடுத்தாள். தோளுக்குக் கொண்டுபோகிற கை பாதி வழியில் நின்றுவிட்டது. சேலையை மெத்தையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"புள்ளைக்கே போட்டுப் பாருங்க அம்மா."

"நீ போட்டுக் காட்டுகா. நான்தானே சொல்லுறன்."

"ஏலாதம்மா."

அந்த அம்மா கெஞ்சிப் பார்த்தார். கலியாணப் பெண்ணும் "அக்கா, ஒண்டும் ஆகாது" என்றாள். நான் பொறுக்க முடியாமல் இடையில் விழுந்தேன். எடுக்கிற சனத்துக்கே இல்லாத குறை உனக்கு என்ன என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், சத்தமாகச் சொல்லவில்லை.

"என்ட கை ராசியெண்டு எல்லாரும் சொல்லக்க நானும் நம்பின நான் அண்ணன். நம்பித்தான் அத்தின பேருக்கும் குடுத்த. அது உண்மையெண்டா இதும் உண்மைதானே. பாதிய மட்டும் எப்பிடி நம்புற?"

கலியாணப் பெண் தானே சேலையை எடுத்துத் தட்டில் வைத்தாள், தானே மாமியிடம் கொடுத்தாள். மண்டூர் அம்மா வாங்கிக்கொண்டார். ஆனால் படி இறங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதற்குள் அவள் கீழே போய்க் கத்தரிக்கோலை எடுத்திருந்தாள்.

முதலாளி விடவில்லை. மட்டக்களப்புக்கும் இந்தியாவுக்கும் இடையில் யார் கை பட்டது என்று யாருக்குத் தெரியும், விற்க வேண்டாம், பார்த்து எடுத்துத் தந்தால் போதும் என்று அவளுடைய தாயிடமும் ஆள் அனுப்பிச் சொன்னார். "தெரியாமக் குடுக்கிறது அதவிட மோசம்" என்று அவளிடமிருந்து பதில் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவளோடு கோபித்துப் பார்த்தோம், பகிடி பண்ணிப் பார்த்தோம். அவள் கோபிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "எனக்கு இது காணும் அண்ணன். இஞ்ச வாறதெல்லாம் பள்ளிக்கூடப் புள்ளையள். அதுகள் நெத்தியப் பாக்காதுகள்" என்றாள். ஒரு நாளைக்கு எத்தனையோ முழம் வெள்ளை வெட்டுகிறாள். நெற்றியைப் பார்க்காத சனத்துக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. இப்போது கீழ்த்தட்டில்தான் அதிகம் சிரிப்புக் கேட்கிறது. அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோசம் வர வேண்டும்.

பிறகு ஒரு காலையில் முதலாளி வந்து, என் பக்கம் கையைக் காட்டினார்.

காஞ்சிபுரத்தில் அந்த மொத்தக் கடை எங்கள் கடையைவிடச் சின்னது. ஆனால் கூரைவரை பட்டு. கடைக்காரர் பாயை விரித்து, ஒரு கட்டை அவிழ்த்து, சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எறிந்தார். முதலாளி விலைப் பேச்சுக்கு மற்ற அறைக்குப் போயிருந்தார். நான் பார்த்தேன். எல்லாம் வடிவாக இருந்தது. அதுதான் பிரச்சினை, எனக்கு எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். எது சத்தம் போடும், எது மெதுவாகக் கதைக்கும் என்று எனக்குக் கேட்கவில்லை.

போனை எடுத்து அவளுக்கு வீடியோவில் அடித்தேன். எடுத்தாள். "தங்கச்சி, தொட வேணாம், ஒரு சொல்லு மட்டும் சொல்லு, இந்தக் குங்குமப்பூவா, அந்தப் பச்சக் கரையா?" என்று போனைச் சேலைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். திருப்பிப் பார்த்தால் திரையில் எங்கள் கடையின் கூரையும் காற்றாடியும் தெரிந்தன. போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டாள். வெட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு தாயிடம் "ரெண்டர முழம் காணும், புள்ள வளருவான், மடிப்பு வச்சுத் தையுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்களே பாத்து எடுங்க அண்ணன். இஞ்ச ஆக்கள் நிக்காங்க."

அதற்குப் பிறகும் அவள் இணைப்பை வெட்டவில்லை. நானும் வெட்டவில்லை. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அடுத்த கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவிழ்க்கவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.