தீவு அரசு எடுத்துக்கொண்ட கடை

அந்த முத்திரை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு தென்னை மரம், ஒரு படகு, கீழே ‘இந்த இணையப் பெயரை அரசு கைப்பற்றியிருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எந்த அரசு என்று தேடினால், உலக உருண்டையில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் ஒரு தீவு. பெரிய காஞ்சிபுரத்தில் என் சித்தப்பா வைத்திருந்த பட்டுச் சேலைக் கடைக்கு இணையத்தில் இருந்த பக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அது வந்து குந்தியிருந்தது.

பக்கத்தை உண்டாக்கியவன் சித்தப்பாவின் மகன். அந்தத் தீவு நாட்டின் எழுத்துகளில் முடியும் இணையப் பெயர்கள் அப்போது இலவசம். தன் பெயரிலேயே பதிந்துகொண்டான். கடை வாசலில் அப்பாவை நிறுத்திப் படம் எடுத்துப் போட்டான். பிறகு கல்யாணப் பேச்சில் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பையோடு போய்விட்டான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான். ஆனாலும் எப்போதாவது, வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் பெட்டியில், பெயரில்லாமல் ஒரு வரி வரும்: “கடை இருக்குதா?” சேலை வாங்க வருகிறவர் விலையைத்தான் கேட்பார். சித்தப்பா என்னைக் கூப்பிட்டுப் பதில் தட்டச் சொல்வார். எப்போதும் ஒரே பதில்தான்: “இருக்குதுபா. வா.” இன்னும் கொஞ்சம் அழகாக எழுதித் தருகிறேனே என்று ஒருமுறை சொன்னேன். “நீ எழுதுனா வர்றவனும் வரமாட்டான்பா” என்றார்.

அந்தப் பெயர்களை வைத்து மோசடிக்காரர்கள் கடை விரித்துவிட்டார்களாம். தீவு அரசு எல்லாவற்றையும் ஒரேயடியாக வாரிக்கொண்டது, எங்களுடையதும் போனது.

“இப்ப வந்து பாத்தான்னா கடைய மூடிட்டாங்கன்னு நெனைச்சுக்குவான்பா. போலீசு சீல் வெச்சாப்ல இருக்குது” என்றார் சித்தப்பா.

வேறு பெயரில் புதிதாகப் போடலாம் என்றேன்.

“அவனுக்குத் தெரிஞ்ச வாசல் இதான். நான் வேற தெருவுல நின்னுக்கினு கூப்ட்டா அவனுக்கு எப்டி கேக்கும்?”

பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பிழைப்பவன் நான். அந்த அரசுக்கு உருக்கமாக ஒரு மனு அனுப்பினேன். யாரும் சிரிக்காத என் படைப்புகளில் அதுவே முதலாவது என்று சொல்லிவிட முடியாது. பெயரைப் பதிந்தவர் தாமே கேட்டால்தான் திருப்பித் தருவோம் என்று பதில் வந்தது. காணாமல் போனவனைத் தேட, காணாமல் போனவனே மனுப் போட வேண்டும். படித்துச் சொன்னேன். சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“அவன் கண்ல பட்டா அவனே கேட்டு வாங்கிக்குவான். படணுமே.”

அன்றிலிருந்து காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும் செல்போனில் அந்த முத்திரையைப் பார்ப்பார், சாத்திய சன்னிதி முன் நிற்கிறவர் போல. “இன்னாண்ணே, புது சாமியா?” என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். “கேட்டா குடுக்காத சாமி” என்றார் சித்தப்பா.

அவர் காலமான பிறகு அந்தக் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். அவருடைய பழக்கம் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. நேற்றுக் காலை காபியை ஆற்றிக்கொண்டே பார்த்தேன். தென்னை மரம் இல்லை, படகு இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடை வாசலில் சித்தப்பா நிற்கிறார். கேட்டு வாங்கக்கூடியவன் ஒருவன்தான். படத்துக்குக் கீழே, பெட்டியில், புதிதாக ஒரு வரி: “கடை இருக்குதா?”

காபியில் ஏடு படியும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய பதிலைத் தட்டினேன். முதல் சொல்லை அழித்தேன். “வா” என்பதை மட்டும் அனுப்பினேன்.