பிரேக் பிடித்தால் அணையும் விளக்கு

சேகர் என்ற வேன் டிரைவரைப் பற்றி இந்த வாரம் எழுதியே ஆக வேண்டும். அவரைப் பார்த்து நான் சிரித்தேன் — அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்துப் பேர் முன்னால்.

முதலில் என் பைக்கைப் பற்றி. வயது நாற்பதுக்கு மேல். கம்பெனி பெயரைச் சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். கொஞ்ச நாள் முன்பு இதே பக்கத்தில் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். பெரம்பலூரில் என் வீட்டு ஷெட்டிலேயே துரு சுரண்டி, பிரைமர் கொடுத்து, 'ஒரு போல்ட்டைக்கூட விடாமல் பெயின்ட் அடித்தேன்' என்று எழுதியிருந்தேன். பாராட்டி எழுதினீர்கள். மகிழ்ந்தேன். அந்த வரியை இன்று படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

என் தங்கை வளர்மதியைக் கட்டிக்கொடுத்திருப்பது விக்கிரமங்கலத்தில். அவள் கணவர் கணேசன் விவசாயி. வண்டியைப் பார்த்ததும் அவர் விடவில்லை.

"ஒரு வாரம் குடுங்க மச்சான். ஊருக்குள்ள நாலு ரவுண்டு போயிட்டுக் குடுத்துடுறேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க மாப்ள" என்றேன். பெருமைதான், வேறென்ன? கிளம்புவதற்கு முன் ஹெட்லைட் பார்த்தேன். டெய்ல் லைட் பார்த்தேன். இரண்டும் எரிந்தன.

இரண்டு நாள் கழித்து கணேசன் அரியலூரிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்து, எதிரே வருபவர் முகம் தெரியாமல் போகும் நேரம். குறுக்கே ஒரு மாடு வர, பிரேக் பிடித்தார். பின்னால் வந்த வேன் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பியும், அதன் முன் மூலை பைக்கை வலது பக்கமாக இடித்துச் சாய்த்துவிட்டது. காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. இந்தப் போகம் அவர் வயலில் இறங்க முடியாது.

இடித்த வேனிலேயே அவரைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர்தான் சேகர். ஆண்டிமடத்துக்காரர். முந்திரிக்கொட்டை ஏற்றும் வேனுக்குச் சம்பள டிரைவர். ஓடியிருக்கலாம்... ஓடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் உறவுக்காரர்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவர் சட்டைக் காலரையே பிடித்திருந்தார்.

"சத்தியமா சொல்றேங்க... லைட்டு எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டுதான் வந்தேன். கிட்ட வரயில பொசுக்குன்னு அணைஞ்சிருச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரேக் பிடித்தால் பின்விளக்கு பளிச்சென்று எரியுமா, அணையுமா?

"தம்பி, கதை விடுறதுன்னாலும் நம்புற மாதிரி விடணும். அது நான் பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி" என்றேன்.

வண்டிக்குச் சொந்தக்காரனே சொல்லியாகிவிட்டது. அப்புறம் யார் அவரை நம்புவார்கள்? போனை நோண்டிக்கொண்டே ஓட்டியிருப்பான், தண்ணி போட்டிருப்பான் — ஆளுக்கொன்று சொன்னார்கள். மறுநாளே ஓனர் வேன் சாவியை வாங்கிக்கொண்டு அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம்.

சில நாளில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி என் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. சைலன்சர் வளைந்திருந்தது. பின்விளக்கில் ஒரு கீறல்கூட இல்லை. சுவிட்சைப் போட்டேன், எரிந்தது. பார்த்தாயா என்று உள்ளுக்குள் ஒரு திமிர்.

அப்போதுதான் உறைத்தது. பெயின்ட் அடித்த பிறகு, பிரேக்கை மிதித்து நான் பார்க்கவே இல்லையே! தனியாளாக வேலை செய்கிறவன் செய்யும் தப்பு இது. பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் போய்ப் பார்க்க முடியாது. யாரையாவது கூப்பிட வேண்டும். நான் கூப்பிடவில்லை.

இப்போது மனைவியைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு மிதித்தேன்.

"என்ன, எரியுதா?"

"அணைஞ்சிருச்சுங்க."

காலை எடுத்தேன். "இப்ப எரியுது" என்றாள். மறுபடி மிதித்தேன்.

"அணைஞ்சிருச்சு."

பல்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பல்பை மாற்றினேன். அதே கதைதான். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன். வயரில் கரன்ட் ஒழுங்காக வந்தது. கடைசியில் ஒரு துண்டு வயரை எடுத்து, விளக்கின் இரும்புக் கூட்டையும் பேட்டரியின் எர்த் முனையையும் சேர்த்துப் பிடித்து மிதித்தேன். பளீரென்று எரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். விளக்குக்குப் போகும் கரன்ட், வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொட வேண்டிய இடத்தில்தான் நான் அழகாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு போல்ட்டின் மரை மட்டும் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. எப்போதும் எரியும் சின்ன விளக்குக்கு அது போதும். பிரேக் விளக்கும் சேர்ந்துகொண்டால் போதாது... இரண்டும் மங்கி அணைந்தே போகும். உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தைச் சுரண்டினேன். இரண்டே நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

தன் வண்டியின் பின்விளக்கை ஓட்டுகிறவன் பார்க்க முடியாது. பின்னால் வருகிறவர் சொன்னால்தான் உண்டு. அப்படி வந்து சொன்ன ஒரே ஆளைத்தான் நான் பொய்யன் என்றேன்.

கணேசனுக்கு போன் போட்டுச் சொன்னேன். "நீங்க வேணும்னா செஞ்சீங்க மச்சான்? உடுங்க" என்றார். அது இன்னும் வலித்தது. வளர்மதி போனை வாங்கினாள்.

"அந்த டிரைவர அன்னைக்கு என்ன பேச்சுப் பேசினோம்ணே! முதல்ல போயி அவருகிட்ட சொல்லிட்டு வாங்க."

போனேன். சேகர் ஒரு முந்திரித் தோப்பில் கூலிக்குச் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும். அவர் திட்டவில்லை.

"ஓனருகிட்ட மட்டும் நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். நான் சொல்லி எடுபடல."

இருவரும் ஓனர் வீட்டுக்குப் போனோம். எனக்கு நாற்காலி போட்டார்கள். சேகர் நின்றுகொண்டிருந்தார்.

"பிரேக் பிடிச்சதும் எங்க வண்டி லைட்டு அணைஞ்சிருச்சு. இவர் மேல தப்பில்ல" என்றேன். பெயின்ட், போல்ட், எர்த் எல்லாவற்றையும் விளக்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை. ஓனர் உள்ளே போய் வேன் சாவியை எடுத்துவந்து சேகரிடம் நீட்டினார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

சேகர் சொன்னதைத் தவிர நான் புதிதாக எதுவுமே சொல்லவில்லை.