எதிரி நாட்டுக்கு அனுப்பிய சட்டை

பல் செட் செய்யும் லேப்பில் அவள் சேர்ந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. முகம் தெரியாத மனிதர்களின் வாய்க்கு மேல் வரிசையும் கீழ் வரிசையும் செய்து, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கடிக்கவிட்டுப் பார்ப்பதுதான் வேலை. தம்பி அவளுக்கு வைத்த பெயர் பல்லுக்காரி. அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. "பேய், பிசாசுன்னு வைக்காம விட்டானே, அது வரைக்கும் சந்தோஷம்" என்பாள்.

இந்தப் பல்லுக்காரிக்கு ஐம்பதாவது வயதில் நாடாளும் பித்துப் பிடித்தது. வெளியூருக்குப் படிக்கப் போன மகள் வீட்டில் விட்டுச் சென்ற டேப்லெட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. அந்தக் கால ராஜ்ஜியம். கோட்டை, குதிரைப்படை, ஐந்து குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் நம்மேல் எவ்வளவு பிரியம் என்பதைப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் சொல்லும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பகை, மேலே வந்தால் நட்பு. ஊரில் எல்லோரும் சண்டை போடத்தான் இதை விளையாடுகிறார்கள். இவளோ சமாதானம் பேசவே விளையாடினாள். பரிசு அனுப்புவாள், பிடிபட்ட தளபதியைச் சும்மா விடுவிப்பாள், பக்கத்து நாட்டுக் கொள்ளைக்காரனை விரட்ட ஆள் கொடுப்பாள். கழித்தல் அறுபத்திரண்டில் கிடந்த மலைநாட்டுக் குலத்தை எழுபத்தொன்றுக்குக் கொண்டுவந்த அன்று, பல் அச்சு மெழுகு ஒட்டிய கையோடு லேப் முழுவதும் சொல்லித் தீர்த்தாள்.

அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கு முன்னாலும் ஆட்டத்தைச் சேமித்து வைத்துக்கொள்வாள். ஆசைக்கு முதலில் மலைநாட்டு ராஜாவை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அவன் எப்படித் துள்ளுகிறான் என்று வேடிக்கை பார்ப்பாள். பிறகு சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய், ஒன்றும் நடக்காததுபோலக் கும்பிடு போடுவாள். ஒரே ராஜாவிடம் பதினெட்டு முறை மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்த நாளும் உண்டு. இதற்குப் பெயர் ராஜதந்திரமாம்! கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

வீட்டில் நிலவரம் வேறு. அவள் கணவருக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று பதினான்கு மாதம். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தம்பி பெயிண்டர். முன்னறைக்குத் தம்பி ஆசை ஆசையாக இளம்பச்சை அடித்து முடித்தான். கணவர் வந்து, நாலு விருந்தாளிகளுக்கு நடுவில் நின்று, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரியே இருக்கு, கட்டில் போட வேண்டியதுதான் பாக்கி" என்றார். தம்பி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போனவன்தான். போன இடத்தில் சும்மா இருந்தானா? "அத்தானுக்குக் கலர் தெரியாது, சிக்னல்ல எப்படித்தான் நிக்கிறாரோ" என்று யாரிடமோ சொல்லிவைத்தான். அது கால் முளைத்துக் கணவர் காதுக்கு வந்து சேர்ந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது.

இப்போது தம்பிக்கு வெளிநாட்டில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை கிடைத்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம், ஞாயிற்றுக்கிழமை பயணம். நடுவில் இருந்தது பன்னிரண்டே நாள். போவதற்குள் இரண்டு பேரும் ஒரு வேளை தன் வீட்டு மேசையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையில்லை. இப்படியே விட்டால் மூன்று வருடம் முப்பது வருடமாகிவிடும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. எழுபத்தொன்று எடுத்தவளுக்கு இரண்டு ஆம்பிளைகள் எம்மாத்திரம் என்றும் நினைத்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்று சொன்னால் போதும்.

முதலில் பரிசு. நல்ல சட்டை ஒன்று வாங்கி, அடுத்த தெருவில் இருந்த தம்பியின் அறைக்குக் கொண்டுபோய், "அத்தான் குடுத்துவிட்டார்" என்றாள். தம்பி போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

"ஏன்க்கா, அத்தானுக்குத் தன்னோட சட்டை சைஸே தெரியாது. நீதானே பாத்து வாங்குவே? என் சைஸ் மட்டும் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் கூரையைப் பார்த்தாள்.

"சட்டை நல்லாத்தான் இருக்கு, வச்சுக்கிறேன். சமாதானத்தை மட்டும் திரும்ப எடுத்துட்டுப் போ."

அடுத்தது பொது எதிரி. கீழ்வீட்டுத் தச்சர் லீவு நாளிலும் மெஷினைப் போட்டு மரம் அறுப்பார். அந்தச் சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். "நீங்களும் தம்பியும் சேர்ந்து போய்க் கேட்டா என்ன?" என்று கணவருக்குத் தூபம் போட்டாள். அவர் தனியாகவே வீராவேசமாக இறங்கிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு முக்காலியோடு மேலே வந்தார். "தங்கமான மனுஷன். சும்மாவே குடுத்தான்" என்றார். அதிலிருந்து தச்சரும் மாலையில் வந்து அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து டீ குடிக்கத் தொடங்கினார். நட்பு வளர்ந்ததென்னவோ உண்மைதான், ஆள்தான் மாறிப்போனது.

பயணத்துக்கு நாலே நாள் இருந்தபோது, புதன்கிழமை மதியம் லேப்பிலிருந்து தம்பிக்குப் போன் போட்டாள். அன்று காலையில்தான் கணவர், "அவன் வரட்டும், வேண்டாம்னா சொன்னேன்?" என்றிருந்தார். தம்பியோ, "அவர் வந்து கூப்பிடட்டும், வர்றேன்" என்றான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவளுக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ!

"சரி, வராதே! நீ இங்க இருந்து என்னத்தைக் கிழிச்சே? நீ இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்."

"சரிக்கா" என்றான் தம்பி. போன் கட்டாகிவிட்டது.

அவளுடைய கட்டைவிரல், சத்தியமாக, போன் கண்ணாடியின் இடது மூலைக்குப் போனது. விளையாட்டில் பழைய இடத்துக்குத் திரும்பும் பொத்தான் அங்கேதான் இருக்கும். இங்கே மணிதான் தெரிந்தது, ஒன்று இருபது. அடிப்பாவி, என்ன சொல்லித் தொலைத்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆறு முறை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. வியாழனும் எடுக்கவில்லை, வெள்ளியும் எடுக்கவில்லை. நேரில் போய்க் கதவைத் தட்ட அவளுக்கு முகமில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை குடும்பத்தையும் சேர்த்துக் கெடுத்தது. லேப்பில் இடது கடைவாய்ப் பல்லை வலதில் பதித்துவைத்தாள். "இதை மாட்டினா அந்த ஆள் சிரிக்க முடியாதும்மா, உறுமத்தான் முடியும்" என்றார் முதலாளி. வீட்டில் அடுப்பு பற்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கணவர் பொறுக்க மாட்டாமல், "என்னதான் ஆச்சு உனக்கு?" என்றார். சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"நீயா? ஊருக்கெல்லாம் சமாதானம் பண்ற நீயா இப்படிச் சொன்னே?" என்று சிரிக்கத் தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு எங்கே என்று சொல்லாமல் வெளியே போனார். தச்சர் வீட்டுக்குத்தான் போகிறார், எனக்கு நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் படியில் இரண்டு பேரின் காலடி கேட்டது. தம்பி உள்ளே வந்து, அவளைப் பார்க்காமல் மேசை ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அத்தான் வந்து என் வாசல்ல நிக்கிறார். பதினாலு மாசம் கழிச்சுப் பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா? ‘மச்சான், நீ என்கூடப் பேச வேண்டாம். உங்கக்கா மூணு நாளா சாப்பிடல, அவகூடப் பேசு’ன்னார்."

"சாப்பிடலன்னு எப்பப்பா சொன்னேன்?" என்றார் கணவர். "சமைக்கலன்னுதானே சொன்னேன். எனக்குப் பசி தாங்கல."

தம்பி சிரித்துவிட்டான். கணவரும் சிரித்தார். சமையலறைக்குள் போய் இரண்டு பேரும் முட்டையைப் பொரித்தார்கள், அதாவது தீய்த்தார்கள். உப்புப் போட்டது நீயா நானா என்று ஒரு சண்டை வேறு. அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இந்த ஒரு வேளைக்காகத்தான் அத்தனை பாடும். ஆனால் அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணுன்னியே. நிஜமாவாக்கா?" தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

எப்படிப் பேசுவது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"போகாதேன்னு சொல்ல வாய் வரலடா. நல்ல வேலை, எப்படிச் சொல்றது? அதான் போனாலும் ஒண்ணுன்னு கத்திட்டேன்" என்று சொல்லி, இரண்டு பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

கணவர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தெரியும்க்கா" என்றான் தம்பி. "அதனாலதான் போனை எடுக்கல. எடுத்திருந்தா எனக்குப் போக மனசு வந்திருக்காது."