சரோஜா டீச்சருக்குத் தட்டிய கைகள்

சரோஜா டீச்சர் போய்விட்டார். ஸ்ட்ரோக்... ஜலகண்டாபுரத்தில் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

போர்வைக்குள் இருந்து டைப் செய்கிறேன். ஹாலில் அப்பா இன்னும் தூங்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் என் டீச்சர். வாய்ப்பாடு தப்பினால் அடிக்க மாட்டார். "மறுக்காச் சொல்லு கண்ணு" என்பார், அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆன பிறகு முழங்கால் வலி. சுவரைப் பிடித்துத்தான் பாத்ரூமுக்கே போனார்.

என் அப்பா ஹீட் மசாஜ் சென்டர் நடத்துகிறார். சூடு கொடுக்கும் கட்டிலில் படுத்து எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்க வேண்டும். டீச்சர் தினமும் வந்தார். வலி உண்மையாகவே குறைந்தது.

ஒருநாள் மாடிப்படியைத் தனியாக ஏறி வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். "பாத்தியா, இனி உன்னைய ஓடியே புடிப்பேன்."

சென்டரில் ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் யாராவது எழுந்து, எந்த மாத்திரையை நிறுத்தினேன் என்று சொல்வார்கள். மற்றவர்கள் கை தட்டுவார்கள்.

டீச்சர் முதலில் வலி மாத்திரையைச் சொன்னார். தட்டினோம்.

போன மாதம் மறுபடியும் எழுந்தார். "பிரஷர் மாத்திரையும் உட்டுட்டனுங்க. வலியே இல்லீங்க, அப்பறம் அது எதுக்குங்க?"

அன்றைக்குத்தான் சத்தம் அதிகம். அப்பா மைக்கில், "டீச்சருக்கு இன்னொருக்காத் தட்டுங்க" என்றார்.

இன்று எழவு வீட்டில் டீச்சரின் மகள் என் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பைக்கில் அப்பா கேட்டார். "அங்க யாருகிட்டயாச்சும் மாத்திரைப் பேச்சு எடுத்தியா?"

"இல்லீங்கப்பா."

"எடுக்காத."

எங்களுடன் அப்புச்சி இருக்கிறார், அம்மாவின் அப்பா. இடுப்பு வலிக்காக அதே கட்டிலில் படுக்கிறவர். ராத்திரி சாப்பிட்டதும் அவருடைய பிரஷர் மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

சிரித்தார். "வேண்டாஞ் சாமி. முந்தாநாளே நிறுத்திட்டேன். காலைல நானும் எந்திரிச்சுச் சொல்லோணும். நீயும் வந்து தட்டு."

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பாவுக்குத் தெரியாததா, போய்ப் படு" என்றாள்.

சென்டருக்கு வருகிறவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால்... உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று. கட்டிலில் படுக்கட்டும், காலை நீட்டி மடக்கட்டும். காலையில் அப்புச்சி மாத்திரையைச் சொல்ல எழுந்து நிற்கும்போது மட்டும் தட்ட வேண்டாம்.

ஹாலில் லைட் அணைந்துவிட்டது. அப்பா இந்தப் பக்கம்தான் வருகிறார்.

போய் வாங்க டீச்சர்.