இரண்டு பேருக்கு ஒரு டைவ் கம்ப்யூட்டர்

போன டிசம்பர் மாதம், கர்நாடகக் கடற்கரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் படகில் போய்ச் சேர்ந்த ஒரு தீவுக்குப் பக்கத்தில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிவிடும். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். வயது நாற்பத்து மூன்று. பிறந்து வளர்ந்தது தாராவி, இப்போது இருப்பது செம்பூர். நாற்பது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டு, ஸ்கூபா டைவிங் கோர்ஸும் முடித்தேன் என்றபோது சர்ச்சில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா' என்றார்கள். யாராவது முடியாது என்று சொன்னால் அதைச் செய்து முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது. தங்கச்சியையும் விடவில்லை. பிடித்து இழுத்துப் போய்க் கூடவே சேர்த்துவிட்டேன்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும், இன்னும் எத்தனை நிமிடம் இருந்தால் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டும். அந்த நேரத்தைத் தாண்டினால், மேலே வரும்போது நைட்ரஜன் உடம்புக்குள் குமிழி குமிழியாகக் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி, கைகால் விழுந்துபோவதுவரை எதுவும் நடக்கலாம்.

வாங்குவதென்று முடிவானதும் எனக்கு நைட்ராக்ஸ் பைத்தியம் பிடித்தது. நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜனைக் கூட்டி, நைட்ரஜனைக் குறைத்து சிலிண்டரில் அடைத்த காற்று. அதைச் சுவாசித்தால் அடியில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், எங்கள் இருவருக்கும் அது கிடையாது. ஆனாலும் பெரிய வண்ணத் திரை, விதவிதமான வாயுக் கலவைக்கெல்லாம் கணக்குப் போடுகிற விலை கூடிய மாடல்தான் வேண்டும் என்று நின்றேன். மாதக்கணக்கில் இதே பேச்சு.

சயான் ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் தின்றுகொண்டே தங்கச்சி சொன்னாள்: "யக்கா, ஆளுக்கொரு சாதா மாடல் வாங்கிருவோம். நைட்ராக்ஸ வச்சு நாம என்ன செய்யப் போறோம்?"

"சும்மா இரிட்டி. நாளைக்கு வேணும்னா அப்பம் எங்க போயி நிக்க? நல்லதா ஒண்ணு வாங்கி ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கெட்டிக்கிடுவோம்."

பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு குடை, ஒரு சைக்கிள், நல்லதாக ஒரே ஒரு ஜோடிச் செருப்பு, அதுவும் முறை வைத்து. எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! ஒன்றே ஒன்றுதான் வாங்கினோம்.

தீவுக்குப் போன அன்று இரண்டு முறை கடலுக்குள் இறங்குவதாக ஏற்பாடு. முதல் முறை கடிகாரம் தங்கச்சி கையில். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவள் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. உதவி வழிகாட்டி அவளைப் படகுக்குக் கூட்டிப்போனார். நான் வழிகாட்டியோடு பதினெட்டு மீட்டர் ஆழத்தில் நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் ஓய்வு. இப்போது என் முறை, கடிகாரம் என் கைக்கு வந்தது.

இரண்டாவது முறை இறங்குவதற்கு முன் வழிகாட்டி எல்லோரையும், பதினெட்டு மீட்டரில் எத்தனை நிமிடம் காட்டுகிறது என்று வாசிக்கச் சொன்னார். அவருடையது முப்பத்திரண்டு. நான் வண்ணத் திரையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஐம்பது!" என்றேன். நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர் என்றால் சும்மாவா என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

அவர் சிரிக்கவில்லை. இருவரும் ஒன்றாகத்தானே கீழே இருந்தோம், உங்களுக்கு மட்டும் எப்படி என்று இந்தியில் கேட்டார். என் கையைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினார். முந்தைய டைவ் ஒன்பது நிமிடம் என்று வந்தது. தங்கச்சியின் ஒன்பது நிமிடம்.

"தீதி, கடி ஏக் ஹை, பாடி தோ ஹை" என்றார். அக்கா, கடிகாரம் ஒன்று, உடம்பு இரண்டு.

நான் விடவில்லை. உங்கள் பின்னாலேயேதானே வரப்போகிறேன், வருடத்தில் கிடைத்த நாலு நாள் லீவு இது என்று மல்லுக்கு நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. என் உடம்பில் இப்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறதென்று இந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது, தெரியாமல் அழைத்துப்போக மாட்டேன் என்றார்.

அப்போதுதான் பொறி தட்டியது. எக்ஸ்ரே அறையில் எங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு பேட்ஜ் இருக்கும், அவரவர் உடம்பில் விழுந்த கதிர்வீச்சைப் பதிய. போன மாதம்தான், மறந்து வந்துவிட்டேன் என்று அடுத்தவள் பேட்ஜை மாட்டிக்கொண்ட ஒரு புதுப்பெண்ணை, "உன் உடம்புக்கு அவ கணக்கா?" என்று அழ அழத் திட்டியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்! படகில் அத்தனை பேர் முன்னால் வெட்கத்தில் குறுகிப்போனேன்.

கடிகாரத்தைக் கழற்றித் தங்கச்சி கையில் கட்டினேன். "நா போவல, ஒங்கூடவே இருக்கேன்" என்றாள். "போடி, இது உன் கணக்கு. நீ போ" என்று தள்ளாத குறையாக அனுப்பினேன். வெயிலில் தனியாக உட்கார்ந்து நீர்க்குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அழுகையே வந்துவிட்டது. இறங்குவதற்குப் பிடித்த பிடிவாதத்தைவிட, இறங்காமல் உட்காருவதற்கு அதிகப் பிடிவாதம் தேவைப்பட்டது. மேலே வந்தவள், ஆமையைப் பார்த்தேன் என்று வேறு சொன்னாள். எரிச்சலாக வந்தது, மறைக்க விரும்பவில்லை.

மும்பை திரும்பிய வாரமே எனக்கென்று ஆரம்ப மாடல் ஒன்று வாங்கினேன். அதிலும் நைட்ராக்ஸ் இருந்தது! இப்போது அநேகமாக எல்லாவற்றிலும் உண்டாம். மாதக்கணக்கில் நான் குழம்பியதெல்லாம் வீண்.

இரண்டு மாதம் கழித்து அதே கடலில் பக்கம் பக்கமாக நீந்தினோம். அன்று முந்தைய டைவில் நான் அவளைவிட ஆழமாகப் போயிருந்ததால், என்னுடையது இன்னும் ஐந்து நிமிடம் என்றது, அவளுடையது பதினொன்று. அவள் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பார்க்க இன்னும் எவ்வளவோ இருந்தும், மேலே போவோம் என்று கட்டைவிரலைக் காட்டி என்னோடு கிளம்பினாள். கடலில் யாருக்கு நிமிடம் குறைவோ அவர் சொல்வதுதான் இருவருக்கும் சட்டம் என்று பாடத்தில் படித்ததுதான், ஆனால் என் ஐந்து நிமிடத்துக்காகத் தன் பதினொன்றை விட்டுவிட்டு அவள் எழுந்து வந்தபோது, இத்தனை வருடம் அக்கா என்ற அதிகாரத்தில் நான் அவளுக்கு எத்தனை முறை அப்படி எழுந்து வந்திருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.