பாக்கியம் அத்தை வாய் கொப்பளித்த நாள்

கைக்குழந்தையில் தத்துப் போய் நெதர்லாந்தில் வளர்ந்த ஒரு பெண், தன்னைப் பெற்றவளைத் தேடி இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு வந்திருந்தாள். எச்சிலை வைத்துச் செய்த டிஎன்ஏ பரிசோதனையில் நான் அவளுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வந்தது. நெருங்கிய சொந்தம் யாரென்று தெரிய, எங்கள் ஆட்கள் இன்னும் சிலர் குழாயில் எச்சில் கொடுக்க வேண்டும்.

நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும் பாக்கியம் அத்தையிடம் கூட்டிப்போனேன். அத்தையின் தங்கச்சி கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய், பெற்ற பெண்பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து, அந்த ஏக்கத்திலேயே செத்துப்போனவள்.

அத்தை அந்தப் பெண்ணுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார், தலையைத் தடவினார். எச்சில் கேட்கப் போகும்போதெல்லாம் வாயில் வெற்றிலை. அந்த வாயோடு கொடுக்கக் கூடாது.

“கொஞ்ச நேரம் வெத்தல போடாம இருந்தா உசுரா போயிரும்?” என்று எரிந்து விழுந்தேன்.

“இப்ப இது என் தங்கச்சி மகதான்டா. இல்லேன்னு வந்துட்டா, அந்தப் பிள்ளைய நான் எங்க போய்த் தேடுவேன்?”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவளுக்குச் சொன்னேன். அவள் குழாயைப் பைக்குள் வைத்தாள். அத்தை அவள் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

முடிவு வந்தது. அத்தையும் தூரத்துச் சொந்தம்தான். தங்கச்சி மகள் இல்லை.

“நம்ம பிள்ளையும் யாரு வீட்டு வாசல்லயாவது நின்னு இப்பிடிக் கேட்டுக்கிட்டிருக்கும். அவங்களாவது ஒடனே குடுக்கணும்” என்றார் அத்தை.

அவளுக்காக இன்னமும் சொந்தங்களைத் தேடிப் போகிறேன். மாட்டேன் என்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் கோபப்படுவதில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.