உப்பைப் போல மூடிய கோழிக்கூண்டு

புயல் வருமென்று டிவியில் சொன்னதும், உப்பளத்து ஆட்கள் உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடினார்கள். என் கவலையெல்லாம் அடையிலிருந்த கோழியைப் பற்றித்தான். பொரிக்கும் நேரத்தில் முட்டை நனைந்தால் ஒன்றும் தேறாது. உப்பளத்தில் நான் மூடிப் பழகியபடியே கூண்டின் மேல் பனையோலையைக் கீழிருந்து அடுக்கி, ஓரத்தில் களிமண் அப்பினேன். காற்றுக்கு ஒரு பக்கம் திறந்து விட்டேன்.

பக்கத்து வீட்டு ஓரகத்தி சிரித்தாள். "இன்னாக்கா, கோழிய மூட்டை கட்டுறியா?"

"உப்பே கரையாம நிக்குது, என் கோழிக்கு இன்னாடி?" என்றேன்.

மழை ஓய்ந்ததும் ஓலையை விலக்கினேன். கோழி என் கையைக் கொத்தியது. இறக்கைக்குள்ளிருந்து குஞ்சுகள் தலை நீட்டின. பொட்டு ஈரமில்லை.

ஓரகத்தியின் கூண்டுத் தகரம் பறந்துபோயிருந்தது. நனைந்த கோழிகளை முந்தானையில் பொத்திக்கொண்டு வந்தாள். "இதுங்களுக்கும் எடம் குடுக்கா."

"கொண்டா, மூட்டை கட்டிடலாம்" என்றேன்.